கருவி வாங்கும் முன் உதிரிபாகத்தைக் கேளுங்கள்

கடந்த ஆடிப் பட்டத்தில் எங்கள் குடும்ப நிலத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டரை ஏக்கரில் மானாவாரி நிலக்கடலை. விதைத்த 22-ம் நாள் களையெடுப்பதற்காக அண்ணன் பிரஷ் கட்டரை வெளியே எடுத்தார். களையெடுக்கும் முனை பொருத்திய அந்த இயந்திரத்தை வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததே தவிர, இன்ஜின் பிடிக்கவில்லை. மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். கார்புரேட்டருக்குள் டயஃபிரம் என்று ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அது விறைத்துப்போயிருந்தது.

அந்தச் சவ்வின் விலை 200 ரூபாய்க்கும் குறைவு. ஆனால் அந்த மாடலுக்குப் பொருந்துவது எங்கள் ஊரிலும் இல்லை, பக்கத்து டவுனிலும் இல்லை. விற்ற கடைக்காரர், “ஆர்டர் போட்டாச்சு, வந்துடும்” என்றார். வந்து சேர 19 நாட்கள் ஆயின. அதற்குள் பயிருக்கு 41 நாள் ஆகிவிட்டது.

நிலக்கடலை சாகுபடி செய்பவர்களுக்கு இதன் பொருள் புரியும். முதல் 40, 45 நாட்களுக்குள் களையைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். அதற்குப் பிறகு விழுதுகள் மண்ணில் இறங்கத் தொடங்கிவிடும். அப்போது மண்ணைக் கிளறினால் காய்தான் போகும். ஆள் கிடைக்காததால்தான் இயந்திரம் வாங்கினோம். கடைசியில் அதே ஆட்களைத் தேடி அண்ணன் மூன்று ஊர் அலைந்தார். பாதி நிலத்துக்கு மட்டுமே ஆள் கிடைத்தது. மீதிப் பாதியில் களையோடுதான் அறுவடை செய்தோம்.

நான் படித்தது உழவியல். இயந்திரப் பொறியியல் அல்ல. ஆனாலும் இதை எழுதக் காரணம், கருவி பழுதாகும் நேரம் பயிரோடு சம்பந்தப்பட்டது என்பதுதான்.

உழைப்பு வேறு, நம்பகம் வேறு

கருவி வாங்கப் போகும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை வருஷம் உழைக்கும்?” என்பது. தவறில்லை. ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி, “வேலை இருக்கிற அன்று ஓடுமா? நின்றால் எத்தனை நாளில் திரும்ப ஓடும்?” என்பது. பத்து வருடம் உழைக்கக்கூடிய இயந்திரம், களையெடுக்கும் இரண்டு வாரமும் கடையில் கிடந்தால் அந்த வருடத்துக்கு அது இல்லாத இயந்திரம்தான். அடிக்கடி சிறு பழுது வந்தாலும், அன்று மாலையே சரியாகிவிடும் இயந்திரத்தை நம்பி விதைக்கலாம்.

இன்று பல விவசாயிகளின் மோட்டார் அறை ஒரு சிறு பட்டறையாகவே மாறியிருக்கிறது. குழாய் அறுக்கவும் கம்பி வெட்டவும் கட்டிங் மெஷின், டிரில்லிங் மெஷின், சிலரிடம் சிறிய வெல்டிங் செட், கூடவே பிரஷ் கட்டர், பேட்டரி ஸ்பிரேயர். இவை எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

எத்தனை மணி நேர வேலை?

விலை குறைந்த கருவி எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. வருடத்துக்குப் பத்து மணி நேரம் ஓடும் டிரில்லிங் மெஷினுக்கு அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. வீட்டு உபயோகத்துக்கான கருவியே போதும். ஆனால் அதே தரத்தில் ஒரு கட்டிங் மெஷின் வாங்கி, பந்தல் போட நாள் முழுக்க இரும்புக் குழாய் அறுத்தால் காயில் கருகத்தான் செய்யும். விட்டு விட்டுச் செய்யும் வேலைக்காக அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

நிறுவனங்களே இந்த வேறுபாட்டைக் காட்டுகின்றன. உதாரணமாக, பாஷ் நிறுவனம் வீட்டு உபயோகக் கருவிகளைப் பச்சை நிறத்திலும், தொழில்முறைக் கருவிகளை நீல நிறத்திலும் விற்கிறது. வெல்டிங் செட்டின் பட்டையில் ‘டியூட்டி சைக்கிள் 60 சதவீதம்’ என்று போட்டிருந்தால், அதில் குறித்துள்ள ஆம்பியரில் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வேலை, நான்கு நிமிடம் ஓய்வு என்று பொருள். இதைக் கடைக்காரர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். 9,000 ரூபாய் கருவி 100 மணி நேரம் உழைத்தால், மணிக்கு 90 ரூபாய். 22,000 ரூபாய் கருவி 500 மணி நேரம் உழைத்தால், மணிக்கு 44 ரூபாய். நமக்கு வருடத்தில் எத்தனை மணி நேர வேலை என்று தெரிந்தால்தான் எது மலிவு என்று சொல்ல முடியும்.

பழுதில் நம் பங்கும் உண்டு

கருவி கெட்டதற்கு எப்போதும் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. எங்கள் இயந்திரத்தின் டயஃபிரம் விறைத்ததற்கு நாங்களும் காரணம். முந்தைய பருவம் முடிந்ததும் டேங்கில் பெட்ரோலோடு அப்படியே மூலையில் வைத்துவிட்டோம்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் நாம் கலக்கும் ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். இன்ஜினோ அடியிலிருந்து உறிஞ்சுகிறது. ஆயில் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் பிடித்துவிடும். எனவே, பருவம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட வேண்டும். கலந்த பெட்ரோலைக் கேனில் சேர்த்து வைக்காமல் அவ்வப்போது தேவைக்குக் கலந்துகொள்வது நல்லது.

ஆயில் அளவிலும் குழப்பம் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 1:50 என்றால் 20 மில்லி, 1:25 என்றால் 40 மில்லி. எது என்பதை இயந்திரத்தோடு வரும் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்வதை வைத்து அல்ல. அவருடையது ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரமாக இருக்கலாம். அதில் பெட்ரோலோடு ஆயில் கலக்கவே கூடாது, இன்ஜின் ஆயில் தனியாக ஊற்ற வேண்டும்.

மின்சாரக் கருவிகளுக்கு முதல் எதிரி குறைந்த மின்னழுத்தம். அதோடு நாம் இழுக்கும் நீளமான மெல்லிய ஒயரும் சேர்ந்துகொள்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 50 மீட்டர் இழுத்து 10 ஆம்பியர் ஓடவிட்டால், ஒயரிலேயே 18 வோல்ட் அளவுக்குக் குறைந்துவிடும். கட்டிங் மெஷின் வேகம் குறையும். வெட்டவில்லையே என்று நாம் அழுத்துவோம். உள்ளே காற்றடிக்கும் விசிறியும் அதே தண்டில்தான் சுற்றுகிறது. அதுவும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு வெளியேறாது. காயில் போய்விடும். கார்பன் பிரஷ் தேய்ந்து பொறி அதிகமாகப் பறக்கும்போதே மாற்றிவிட்டால் செலவு சிறிது. கவனிக்காமல் விட்டால் ஆர்மேச்சரையே மாற்ற வேண்டிவரும்.

பேட்டரி ஸ்பிரேயரில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட் ஈய அமில பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் மூன்று மாதம் போட்டு வைத்தால் உள்ளே உப்புப் படிந்து, மறுபடி சார்ஜ் ஏற்காது. வேலை இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். தெளித்து முடித்ததும் நல்ல தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். தூள் மருந்து பம்ப்புக்குள் காய்ந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும்.

மானியமும் சேவையும்

நம் தரப்பில் இவ்வளவும் செய்தாலும் சவ்வு ஒருநாள் கிழியும், கயிறு ஒருநாள் அறுந்துபோகும். தேய்வது இயல்பு. அன்று உதிரிபாகம் கிடைக்க வேண்டும். இதைத் தனி விவசாயியால் மட்டும் சரிசெய்ய முடியாது.

வேளாண்மை இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுவாகச் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் கிடைக்கிறது. வரவேற்க வேண்டிய திட்டம். மானியம் பெறும் இயந்திரங்கள் சோதனை நிலையங்களில் தேர்ச்சி பெற வேண்டும் என்பதும் நல்லதே. ஆனால் சோதனை நிலையத்தால் இயந்திரத்தை மட்டுமே சோதிக்க முடியும். நம் வட்டாரத்தில் அதற்கு மெக்கானிக் இருக்கிறாரா என்று அங்கே தெரியாது. ‘விற்பனைக்குப் பிந்தைய சேவை’ என்பது காகிதத்தில் ஒரு வரியாக நின்றுவிடக் கூடாது.

பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரி முதல் சில பொருட்களை விற்கும்போது, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணாகக் காட்ட வேண்டும். பிரித்து மாட்டும் எளிமை, உதிரிபாகம் கிடைக்கும் காலம், அதன் விலை எல்லாம் அதில் சேரும். தொடக்கத்தில் செல்பேசி, சலவை இயந்திரத்தோடு புல்வெட்டும் இயந்திரமும் அந்தப் பட்டியலில் இருந்தது. நம் நாட்டிலும் 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஒரு குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அந்த உரிமை வட்டார அளவில் விவசாயிக்கு வந்து சேர வேண்டும்.

என்ன செய்யலாம்?

வேளாண்மை, வேளாண் பொறியியல் துறைகளின் களப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டாரத்தில் எந்த மாடல், எந்தப் பாகம், எத்தனை நாள் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். இரண்டு பருவம் எழுதினால், அடுத்து வாங்குபவருக்கு எதைப் பரிந்துரைப்பது என்று தெரிந்துவிடும். ஒரு மாடலுக்கு மானியம் தொடர வேண்டுமா என்பதற்கும் அதுவே ஆதாரமாகும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் உரம், விதையோடு ஒரு சிறிய அலமாரியும் வைக்கலாம். ஸ்பார்க் பிளக், ஸ்டார்ட்டர் கயிறு, டயஃபிரம், ஏர் ஃபில்டர், கார்பன் பிரஷ், ஸ்பிரேயர் வாஷர். அதிகம் தேயும் பாகங்கள் இவ்வளவுதான். உறுப்பினர்கள் ஆளுக்கொரு மாடல் வாங்காமல், பேசிவைத்து ஒன்றிரண்டு மாடல்களையே வாங்கினால் பாகங்களை இருப்பு வைப்பது எளிது. ஊருக்கு ஒரு இளைஞர் சிறு இன்ஜின் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டால் அவருக்கும் வருமானம்.

விவசாயிகளுக்கு ஒன்று சொல்வேன். கடையில் பணம் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். டயஃபிரம் அல்லது கார்பன் பிரஷ் இப்போது கடையில் இருக்கிறதா, எடுத்துக் காட்டுவீர்களா? இதைப் பழுது பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார்? வாரண்டி விவசாய வேலைக்குப் பொருந்துமா, வீட்டு உபயோகத்துக்கு மட்டுமா? பதில் இழுபறியாக இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த கடைக்குப் போங்கள்.

அண்ணன் இந்த வருடம் புது இயந்திரம் வாங்கவில்லை. அதே பழைய இயந்திரம்தான். இரண்டு டயஃபிரம், ஒரு ஸ்பார்க் பிளக், ஒரு கயிறு வாங்கி மோட்டார் அறையில் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். மொத்தச் செலவு 700 ரூபாய்கூட ஆகவில்லை. விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பே இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துவிட்டார். சென்ற வருடமே இதைச் செய்திருந்தால், களையோடு அறுவடை செய்த அந்தப் பாதி நிலமும் தப்பித்திருக்கும்.

- கட்டுரையாளர், உழவியலில் முனைவர் பட்டம் பெற்ற வேளாண் விஞ்ஞானி.