நாலு கை வைத்தியம்

ஆவடியிலிருந்து நெமிலிச்சேரிக்கு சி.டி.எச். ரோட்டில் பஸ்ஸில் போனால் வழியெல்லாம் பல் கிளினிக் போர்டுகள். சில கதவுகளில் இன்னொரு பேப்பரும் தொங்கும்: 'உதவியாளர் தேவை'. ப்ளஸ் டூ முடிச்ச கையோடு இதில் சேரும் நம்ம ஏரியா பொண்ணுங்க, பசங்களுக்காக இந்த வாரம்.

பஞ்சு எடுத்துக் கொடுக்கிற வேலைதானேன்னு நினைக்காதீங்க பாஸ்! பேஷன்ட் வாயில் தேங்கும் எச்சிலை சக்‌ஷன் குழாயில் உறிஞ்சணும். டாக்டர் கை நீட்டினால் கேட்காமலே சரியான கருவி போய்ச் சேரணும். பல் அளவெடுக்க ஆல்ஜினேட் பவுடரைக் குழைச்சா, சில நிமிஷத்தில் இறுகிடும். கருவிகளைக் கழுவி ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில், குறிச்ச நேரம் குறையாமல் வைக்கணும். குறைஞ்சா ஒருத்தர் கிருமி அடுத்தவர் வாய்க்கு! இந்த முறைக்கு 'ஃபோர் ஹேண்டட்'னே பேர். நாலு கையில் ரெண்டு அசிஸ்டென்டுது.

1885-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் என்ற டாக்டர் ஒரு பெண்ணை உதவிக்கு வைத்தார். தனியாக வரத் தயங்கிய பெண்களும் தைரியமாக வர ஆரம்பித்தார்கள். அப்பவே அவ்வளவு மதிப்பு!

இங்கே சிக்கல் வேற. 1948-ம் வருஷ பல் மருத்துவர்கள் சட்டம், பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்டுக்கும் செயற்கைப் பல் செய்யும் மெக்கானிக்குக்கும் பதிவேடு வைத்தது. அசிஸ்டென்டுக்கு வைக்கவில்லை. பலரும் வேலையிலேயேதான் கத்துக்கிறாங்க. எங்க தெரு அக்கா ஒருத்தருக்கு ஆறு வருஷ அனுபவம். பெரிய ஆஸ்பத்திரி இன்டர்வியூவில் 'சர்டிபிகேட் எங்கே?' என்ற ஒரே கேள்வியில் திரும்பி வந்தாங்க. கையில் தொழில் இருக்கு, காகிதம் இல்லை.

அதனால் சேரும் முன்னாடி மூணு விஷயம். ஒண்ணு, ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி. மூணு டோஸ் முடிய ஆறு மாசம் ஆகும், இப்பவே ஆரம்பிங்க. ரெண்டு, சம்பளம், வேலை நேரத்தை எழுதி வாங்குங்க. என்னென்ன வேலை பார்த்தீங்கன்னு லெட்டர்ஹெட்டில் வருஷா வருஷம் அனுபவச் சான்றும் கேளுங்க. மூணு, டாக்டர் இல்லாதப்போ 'நீயே க்ளீன் பண்ணிடும்மா'ன்னா, 'அது என் வேலை இல்லை சார்'னு சொல்லப் பழகுங்க.

வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி, கோட்டை ஸ்டேஷன் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி. சான்றிதழ் படிப்பு இருக்கான்னு நேரில் போய் விசாரிங்க. விசாரிக்க ஃபீஸ் கிடையாது!

டாக்டர் கேட்கும் முன்னே கருவியை நீட்டுறவங்க, இன்டர்வியூவில் கேட்கும் முன்னே பேப்பரையும் நீட்டணும். சரிதானே மக்களே?