முண்ட்வாவிலிருந்து ஹடப்சருக்கு



மகர்பட்டாவில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். சொந்த ஊர் விருதுநகர் பக்கம், வேலை புனே ஐ.டி. கம்பெனியில். ஆப்பிரிக்க நாடொன்றில் இருக்கும் சின்ன சுகாதார கிளினிக்கில் இரண்டு வாரம் தொண்டு செய்ய ஆள் சேர்க்கிறார்களாம். விமானச் செலவும் தங்கும் செலவும் நம்முடையது, ஏற்பாட்டுக் கட்டணம் தனி. ‘மருத்துவம் எனக்கு ஒன்றுமே தெரியாது, போகலாமா சார்?’ என்று கேட்டிருக்கிறார்.

பதிலுக்கு முன்னால், அவர் குடியிருக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச ஆசை. மகர்பட்டா சிட்டி எழுந்திருப்பது கரும்பு விளைந்த மண்ணில். சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டுப் போகாமல், ஒன்றாகச் சேர்த்து, தாங்களே பங்குதாரர்களாகி இந்த நகரத்தைக் கட்டினார்கள். அது தனிக் கதை, இன்னொரு இதழுக்கு வைத்துக்கொள்கிறேன். வடக்கே போனால் முண்ட்வா, தெற்கே சோலாப்பூர் ரோட்டைத் தொட்டால் ஹடப்சர். இன்றைக்குக் காலை நேர டிராஃபிக்கில் நம் வாசகி சபித்துக்கொண்டே கடக்கிற தூரம்தான் இரண்டுக்கும் நடுவே.

1897இல் அந்தத் தூரத்தை ஒரு கிழவி, முதுகில் ஒரு பையனைச் சுமந்துகொண்டு கடந்தார். பெயர் சாவித்திரிபாய் புலே, வயது 66. 1848இல் கணவர் ஜோதிராவோடு சேர்ந்து புனேயில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தவர் என்று அவரை நமக்குத் தெரியும். கிளினிக்கில் வேலை பார்த்தவர் என்று அவ்வளவாகத் தெரியாது.

முந்தைய ஆண்டு செப்டம்பரில் பம்பாயில் பிளேக் தலைகாட்டியது. அங்கே நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போன விதத்தில் ஜனங்கள் கொதித்துப்போய், அக்டோபரில் மில் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியையே தாக்கினார்கள். 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. (2020இல் கொரோனாவுக்கு நாடு தூசி தட்டி எடுத்தது அதே சட்டத்தைத்தான்.) புனேக்கும் நோய் வந்துவிட்டிருந்தது. சாவித்திரிபாயின் வளர்ப்பு மகன் யஷ்வந்த் ராணுவத்தில் டாக்டர். அவரை வரவழைத்து, ஊருக்கு வெளியே ஹடப்சர்ப் பக்கம், சாசணே குடும்பத்தின் நிலத்தில் கிளினிக் போட வைத்தார். யஷ்வந்தின் மாமனார் வீடு அந்தக் குடும்பம். ஹடப்சரில் சாசணே நகர் என்ற பெயரை இன்றும் பார்க்கலாம்.

அந்தக் கிளினிக்கில் என்ன வைத்தியம் நடந்திருக்கும்? பிளேக்கை நிச்சயமாகக் குணப்படுத்தும் மருந்து அன்று உலகத்தில் எங்கேயும் கிடையாது. கிருமியைக் கண்டுபிடித்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. எலித் தெள்ளு வழியாகப் பரவுகிறது என்று சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் கராச்சியில் கண்டுகொண்டது அடுத்த ஆண்டில். ஆக, தண்ணீர் கொடுப்பது, கஞ்சி கொடுப்பது, நெறிகட்டிய இடத்தைச் சுத்தம் செய்வது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, இவ்வளவுதான் முடியும். அதற்கும் முதலில் நோயாளி வந்து சேர வேண்டுமே? வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வெளியே சொல்லாமல் மறைத்த காலம். டாக்டர் மகன் உள்ளே இருந்தார். வீடு வீடாகப் போய், ‘என்னோடு வா’ என்று கூட்டிவந்தது அம்மா. அவர் கூப்பிட்டால் வருவார்கள். அரை நூற்றாண்டாக அந்த ஜனங்களுக்கு அவரைத் தெரியும்.

முண்ட்வாவில் மஹார் சாதியினர் குடியிருப்பில் பாண்டுரங் பாபாஜி கெய்க்வாட் என்பவரின் மகனுக்கு நோய் என்று கேள்விப்பட்டு ஓடினார். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த குடியிருப்பு அது, வண்டி கட்டிக்கொண்டு யாரும் வந்து நிற்கப்போவதில்லை. பையனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த வழி இன்றைய மகர்பட்டாவை ஒட்டித்தான் போயிருக்க வேண்டும். பையன் பிழைத்துக்கொண்டான் என்று சொல்கிறார்கள். சாவித்திரிபாய்க்கு நோய் தொற்றி, மார்ச் 10ஆம் தேதி காலமானார். வீடு புகுந்து ராணுவம் நடத்திய சோதனைகள், ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டது என்று சரித்திரப் புத்தகத்தில் நாம் படிக்கிற புனே பிளேக் எல்லாம் அதற்குப் பின்னால் நடந்தவை.

இனி வாசகியின் கேள்விக்கு வருகிறேன். கடல் கடந்து போவது தப்பே இல்லை. அதே சோலாப்பூர் ரோட்டின் அந்தக் கோடியில் பிறந்த துவாரகநாத் கோட்னிஸ் 1938இல் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து டாக்டர்களில் ஒருவராகச் சீனாவுக்குப் போனார். மொழியைக் கற்றுக்கொண்டார், அங்கேயே ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார், 1942இல் 32 வயதில் அங்கேயே இறந்தார். ஆனால் அவர் கையில் தொழில் இருந்தது, இருந்து பார்க்கிற மனசும் இருந்தது. இரண்டு வார விருந்தாளியிடம் இரண்டும் இருக்காது. சின்ன கிளினிக்கில் இருப்பதே இரண்டு மூன்று பேர். அவர்களில் ஒருவர் நோயாளியை விட்டுவிட்டு, புதிதாக வந்தவருக்குப் பாத்ரூம் எங்கே, குடிதண்ணீர் எங்கே என்று காட்டிக்கொண்டிருப்பார். அதைவிட மோசம், பயிற்சியே இல்லாதவர் கையில் ரத்த அழுத்தக் கருவியையும் ஊசியையும் கொடுத்துப் படம் பிடிப்பது. நம்மூரில் நம் அம்மாவுக்கு அப்படி ஒருவர் ஊசி போட வந்தால் விடுவோமா?

வெளிநாட்டிலிருந்து கற்றுக்கொள்ள நம் பக்கம் வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புனேக்குக் கிழக்கே, அன்றைய அகமத்நகர் மாவட்டத்து ஜாம்கேடில் ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே தம்பதி 1970இல் ஒரு கிராம சுகாதாரத் திட்டம் தொடங்கினார்கள். இருவரும் நம் வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர்கள். முதலில் படித்த நர்ஸுகளைக் கிராமத்தில் அமர்த்திப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பிறகு ஊரே தேர்ந்தெடுத்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பலர் தலித் பெண்கள். வாந்தி பேதிக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கலப்பது, குழந்தையை எடை போடுவது, பிரசவம் பார்ப்பது என்று அவர்கள் கற்றுக்கொண்டதைப் பார்க்க இன்றும் பல நாட்டு மாணவர்கள் ஜாம்கேடுக்கு வருகிறார்கள். ஊரை அறிந்தவள்தான் முதல் வைத்தியர் என்று அங்கே நிரூபித்துவிட்டார்கள்.

ஆகையால் என் யோசனை, விமான டிக்கெட்டைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். ஹடப்சரிலேயே அண்ணாசாகேப் மகர் பெயரில் மாநகராட்சி ஆஸ்பத்திரி இருக்கிறது. வார்டு தவாகானாக்கள் என்கிற சின்ன கிளினிக்குகளும் உண்டு. நேரே போய் நர்ஸிடம், ‘சனிக்கிழமை காலையில் நான் வந்தால் உபயோகமா, தொந்தரவா?’ என்று கேளுங்கள். தொந்தரவு என்றால் வந்துவிடுங்கள், கோபம் வேண்டாம்.

மருத்துவம் தெரியாதவருக்கு என்ன வேலை இருக்கும் என்கிறீர்களா? தடுப்பூசி நாளில் எந்த சுகாதார நிலையத்திலாவது அரைமணி நேரம் நின்று பாருங்கள். தராசிலிருந்து தொங்கும் துணித் தூளியில் குழந்தை காலை உதைக்கும். முள் ஓரிடத்தில் நிற்காது. அம்மாவுக்கு எண்ணைப் பார்க்கவே பயம். நர்ஸுக்கு ஒரு கை பதிவேட்டில், இன்னொரு கை குழந்தையின் முதுகில். அங்கே குழந்தையின் முகத்துக்கு எதிரே ஒரு சாவிக்கொத்தை ஆட்ட ஓர் ஆள் தேவை. மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் பெரியவர் ஒருவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார். காலை வேளைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா என்று கவரின் மேல் பேனாவால் வரைந்து கொடுக்கலாம். எத்தனை மாத்திரை என்பதை மட்டும் மருந்தாளரிடம் கேட்டுத்தான் போட வேண்டும், சொந்தப் புத்தி கூடாது.

கொஞ்சம் மராத்தி பிடிபட்ட பிறகு காசநோய்ப் பக்கம் போகலாம். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, காசநோயாளியைச் சானடோரியத்தில் வைக்காமல் வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. அன்றிலிருந்து வைத்தியம் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆறு மாதம் மாத்திரையை விடாமல் விழுங்க வைப்பதுதான் பாடு. 2022 முதல் நிக்ஷய் மித்ரா என்ற ஏற்பாடு இருக்கிறது. நோயாளியின் சம்மதத்தோடு குறைந்தது ஆறு மாதத்துக்கு அவருடைய சத்துணவுக்கு யார் வேண்டுமானாலும் பொறுப்பேற்கலாம். இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். இரண்டு வார வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆகிற தொகையில் எத்தனை பேருக்குப் பருப்பும் எண்ணெயும் வாங்கலாம் என்று நம் வாசகியே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். எக்செல் தெரிந்தவர்தானே.

இதேபோல உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் ஏதாவது வேலை செய்துகொண்டிருப்பவர்கள் எழுதுங்கள். அங்கே நர்ஸ் உங்களிடம் முதலில் கேட்ட உதவி எது என்று ஒரு வரி அவசியம் சேர்க்கவும், அடுத்த இதழில் தொகுத்துப் போடுகிறோம். நோயாளிகள் பெயரும் படமும் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்