பெயரை ஏலம் விடும் ஏகபோகம்

கடையில் ஒரு மார்க் பீடியைப் பெயர் சொல்லிக் கேட்கிறோம். கடைக்காரர் வேறொரு மார்க்கை எடுத்து நீட்டுகிறார். ஏன்? அந்த முதலாளி அவருக்குப் பணம் கொடுத்திருக்கிறார்! இதே வியாபாரத்தைத்தான் உலகம் பூராவும் கூகுள் கம்பெனி நடத்துகிறது.

செல்போனில் ஒரு கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடுகிறோம். முதல் வரியில் அதன் போட்டிக் கம்பெனியின் விளம்பரம் வந்து நிற்கிறது. நாம் தேடும் சொல்லையே கூகுள் ஏலம் விடுகிறது. விளம்பரத்தை நாம் தொடும் ஒவ்வொரு தடவையும் அதற்குக் காசு!

வீட்டுச் சாமான்களை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லும் அகர்வால் பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் கம்பெனி இதை எதிர்த்து டில்லி ஐகோர்ட்டில் வழக்காடியது. 2023 ஆகஸ்ட் 10-ந் தேதி இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்ப்பளித்தது. பிறருடைய டிரேட் மார்க்கை விளம்பரச் சொல்லாக வைப்பதும் அந்த மார்க்கைப் பயன்படுத்துவதே. கூகுள் சும்மா நிற்கும் இடையாள் அல்ல, நேரடியாகப் பங்கு கொள்கிறது. மார்க் உரிமை மீறப்பட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவில் அது ஒளிந்துகொள்ள முடியாது என்று பெஞ்சு கூறியது. ஆனால், மக்களுக்குக் குழப்பம் விளைவிக்காதவரை, அப்படிப் பயன்படுத்துவது மட்டுமே உரிமை மீறலாகாது என்றும் கூறிவிட்டது.

இரண்டு முதலாளிகளின் சண்டையில் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நமக்கு நிறைய இருக்கிறது, தோழர்களே!

சாமான் ஏற்றும் கம்பெனிக்கு நல்ல பெயர் எப்படி வருகிறது? பீரோவை முதுகில் சுமந்து மாடியேறும் சுமைத் தொழிலாளியால் வருகிறது. இரவெல்லாம் கண்விழித்து லாரி ஓட்டும் டிரைவரால் வருகிறது. அந்தப் பெயருக்குச் சொந்தம் கொண்டாடுபவர் முதலாளி. அதை ஏலம் விட்டு லாபம் பார்ப்பது கூகுள். உழைத்தவனுக்கு அதில் ஒரு காசு உண்டா? தன் சொந்தப் பெயரைக் காப்பாற்றவே கம்பெனி ஏலத்தில் பணம் கட்டினால், அந்தச் செலவை வாடகையிலும் கூலியிலும்தான் கை வைத்து ஈடுகட்டப் பார்க்கும்.

2024 ஆகஸ்டில் அமெரிக்கக் கோர்ட்டே, கூகுள் தேடுதலிலும் தேடுதலோடு வரும் எழுத்து விளம்பரத்திலும் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்று தீர்ப்புக் கூறியது. போட்டிக்குப் பயமின்றி விளம்பர விலையை அது ஏற்ற முடிகிறது என்பதும் அங்கே வெளிப்பட்டது. 'சுதந்திரப் போட்டி' என்று முதலாளித்துவம் அடிக்கும் தம்பட்டத்தின் லட்சணம் இதுதான்!

எனவே நாம் கோருவது: காசு கொடுத்துப் போட்ட விளம்பரம் எது, கொடுத்தவர் யார் என்பதை மக்களின் மொழியில் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். பிறர் பெயரைக் காட்டி மக்களை ஏமாற்றினால், விளம்பரம் போட்டவரோடு, விற்ற கூகுளும் பொறுப்பேற்க வேண்டும். விளம்பரச் செலவைக் காட்டிக் கூலியைக் குறைக்கக் கூடாது.

அதுவரை தோழர்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும். முதலில் வருவதெல்லாம் நாம் கேட்டதல்ல. 'ஸ்பான்சர்டு' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். கோர்ட் கதவைக் கொஞ்சம் திறந்திருக்கிறது. அதை முழுதும் திறக்கும் பலம் ஒன்றுபட்ட தொழிலாளர் இயக்கத்துக்கே உண்டு!