தாத்தாவின் காற்றுக் கணக்கு

ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டனைத் தெரியுமா, குட்டீஸ்? பாய்மரப் படகு வீரர். 1968ல், இங்கிலாந்தில் கிளம்பி, எங்கும் நிற்காமல், தன்னந்தனியாக, 312 நாளில் உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர். போட்டிக்குக் கிளம்பியவர்கள் ஒன்பது பேர். சுற்றி முடித்தவர் இவர் மட்டுமே! அவரது, 'சுஹைலி' நம் மும்பையில் கட்டிய தேக்குப் படகு.

வழியில், ரேடியோ பழுதானது. பல மாதங்கள், அவர் இருக்கிறாரா, இல்லையா என்றே யாருக்கும் தெரியவில்லை. அந்த நாட்களுக்குச் சாட்சி, கடலில் அவர் எழுதிய குறிப்பேடு தான். கிடைத்த கோப்பையை விட, அந்தத் தாள்கள் தான் பெரிய சொத்து என்பேன்.

நம்ம பழவேற்காடு ஏரியிலும், பாய் விரித்து ஓடிய தாத்தாக்கள் உண்டு. வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் சொல்லியே திசை பிடித்தவர்கள். அவர்கள் கணக்கெல்லாம் பெரும்பாலும் மனசில் தான். இப்போது மோட்டார், ஜி.பி.எஸ்., எல்லாம் வந்து விட்டது, வசதி தான். அதற்காகப் பழைய கணக்கைத் தொலைத்து விடலாமா?

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கத்துப் பிள்ளைகளிடம், 'புராஜக்ட்' என்று, கடையில் படம் வாங்கி ஒட்டச் சொல்வதை விட, ஒரு 40 பக்க நோட்டைக் கொடுத்து, பழவேற்காடு அனுப்பலாம். முகத்துவாரம் எந்த மாதம் மணலால் அடைபடும் என்பதை, முதலில் கேட்கட்டும்!