காலிஃபிளவர் மோகமும் கையில் இருக்கும் 500 காசும்

ஸ்டார்டியூ வேலி ஆட்டத்தில் புதிதாகப் பண்ணைக்குள் கால் வைக்கிறவனுக்குக் கையில் இருப்பது 500 காசு. அதோடு ஊர்த்தலைவர் லூயிஸ் இனாமாகத் தரும் 15 பார்ஸ்னிப் விதை (பார்ஸ்னிப் தெரியாதவர்களுக்கு: வெளுத்துப்போன கேரட் மாதிரி ஒரு கிழங்கு). தாத்தா விட்டுப்போன நிலமோ மூவாயிரம் கட்டத்துக்கும் மேலே, கல்லும் கட்டையும் களையுமாகக் கிடக்கிறது. பியேர் கடைக்குப் போனால் பார்ஸ்னிப் விதை 20 காசு, உருளைக்கிழங்கு 50, கேல் கீரை 70, காலிஃபிளவர் 80. எதை வாங்குவது?

எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் நாலரை வருடம் உட்கார்ந்து படம், இசை, நிரல் எல்லாம் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட ஆட்டம் இது. அன்றிலிருந்து இந்தக் கேள்விக்கு ஒரே மாதிரி பதில்தான் கைமாறிக்கொண்டிருக்கிறது. விற்கிற விலையிலிருந்து விதை விலையைக் கழி, விளைய எத்தனை நாளோ அதால் வகு, எது பெரிசோ அதைப் போடு. அதன்படி பார்ஸ்னிப்புக்கு ஒரு நாளைக்கு 3.75 காசு, உருளைக்கு 5, கேலுக்கு 6.67, காலிஃபிளவருக்கு 7.9. ஆகவே காலிஃபிளவர்தான் ராஜா. கையில் இருப்பதையெல்லாம் அதிலே கொட்டு, விலை கூடின விதைதான் லாபம். பட்டியல் போட்டு, கலர் அடித்து, கட்டம் கட்டிச் சொல்லிவிட்டதால் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை.

கணக்கில் தப்பில்லை. கேள்விதான் தப்பு.

அந்தப் பட்டியல் சொல்வது, ஒரு கட்டம் நிலம் ஒரு நாளில் எவ்வளவு சம்பாதிக்கும் என்பதை. நிலம் பற்றாக்குறையாக இருப்பவனுக்கு அது சரியான அளவுகோல். ஆனால் முதல் நாள் ஆட்டக்காரனுக்கு நிலத்துக்கு என்ன பஞ்சம்? மூவாயிரம் கட்டம் சும்மா கிடக்கிறது. அவனிடம் இல்லாதது காசு. இல்லாத பொருளால்தானே வகுக்க வேண்டும்? தண்ணீர் இல்லாத ஊரில் ஏக்கருக்கு எவ்வளவு விளையும் என்று கணக்குப் பார்க்கிற கதை இது.

போட்ட காசு எத்தனை மடங்காகத் திரும்புகிறது என்று பார்த்தால் படம் தலைகீழாகிவிடுகிறது. பார்ஸ்னிப் 20 போட்டால் 4 நாளில் 35. உருளை 50 போட்டால் 6 நாளில் 80. காலிஃபிளவர் 80 போட்டால் 175, ஆனால் அதற்கு 12 நாள். அந்த 12 நாளில் பார்ஸ்னிப் மூன்று போகம் எடுத்துவிடும். 500 காசை வைத்து ஓட்டிப் பார்க்கலாம். காலிஃபிளவர் 6 செடி, மிச்சம் 20 காசு. 12 நாள் கழித்து மொத்தம் 1070. உருளை 10 செடி, 800 ஆகி, அதை மறுபடி 16 செடியாகப் போட்டு 1280 (நடுவில் சில செடிகள் கூடுதலாக ஒரு கிழங்கு தரும், அது போனஸ்). பார்ஸ்னிப் 25 செடி 875 ஆகி, 43 செடி 1520 ஆகி, 76 செடி 2660 ஆகிறது! கடையிலேயே மலிவான விதை, பட்டியலில் கடைசி இடம். வட்டிக்கு வட்டி என்பது கந்துவட்டிக்காரனுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லையே, பட்டியல்காரர்களுக்கு ஏன் தெரியாமல் போனது?

இங்கே ஒரு எதிர்ப்பு வரும், அது நியாயமான எதிர்ப்பும்கூட. 76 செடிக்குத் தினமும் தண்ணி ஊற்றுவது யார்? ஆட்டக்காரனின் சக்தி 270. ஒரு கட்டம் கொத்த 2, ஒரு கட்டத்துக்குத் தண்ணி ஊற்ற 2. 76 செடிக்கு நீர் பாய்ச்சவே 152 போய்விடும். பூவாளி ஒரு தடவைக்கு 40 கட்டத்துக்குத்தான் வரும், ஆகவே நடுவில் குளத்துக்கு ஓட வேண்டும். மிச்சத் தெம்பில் சுரங்கத்துக்கும் போக முடியாது, மரமும் வெட்ட முடியாது. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இந்த எதிர்ப்பு எதைச் சொல்கிறது? காசுக்கு அடுத்தபடியாகத் தட்டுப்பாடு உழைப்புக்கு என்கிறது. இதிலும் நிலம் எங்கேயும் வரவில்லை! பட்டியலுக்கு இதனாலும் ஆதரவு இல்லை.

உழைப்பையும் சேர்த்தே பார்த்தால் ஒரு வேடிக்கையான பொருத்தம் தெரியும். 500 காசுக்கு 25 பார்ஸ்னிப், லூயிஸ் தந்தது 15, ஆக 40. பூவாளி ஒரு தடவை நிரம்பினால் எத்தனை கட்டம்? அதே 40. பரோன் இதை யோசித்துத்தான் வைத்தாரா, தற்செயலா, அவருக்கே வெளிச்சம். ஐந்தாம் நாள் காலையில் 40 கிழங்கையும் பறித்து நேராக பியேரிடம் விற்றால் 1400 காசு உடனே கையில். (வீட்டு வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டால் மறுநாள் காலையில்தான் காசு வரும். கையில காசு வாயில தோசை வேண்டுமென்றால் கடைக்குத்தான் நடக்க வேண்டும்.) இப்போது 40 கட்டத்துக்கு 1400 காசு இருக்கிறது, கட்டத்துக்கு 35 வீதம். அதாவது காசு கொஞ்சம் தளர்ந்துவிட்டது, உழைப்பு இறுக ஆரம்பித்துவிட்டது. விலை கூடின விதைக்கு முதல் படி ஏற வேண்டிய நேரம் இதுதான். உருளை 28 செடி. ஆறு நாள் கழித்து, பதினோராம் நாள், குறைந்தது 2240 காசு.

பதினோராம் நாள் என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. வசந்தம் 13 அன்று முட்டைத் திருவிழா. அன்றைக்கு மட்டும் பியேர் ஸ்டாலில் ஸ்ட்ராபெர்ரி விதை விற்பார், 100 காசு. அன்று ராத்திரியே நட்டுத் தண்ணி ஊற்றினால் 21 அன்று ஒரு பறிப்பு, 25 அன்று இன்னொன்று, ஒவ்வொன்றும் 120. நூறு காசு 240 ஆகிறது, அதுவும் மறுநடவு இல்லாமல், ஒரே செடியில். முதல் வசந்தத்தின் மொத்தத் தலையெழுத்தே அந்த ஒரு நாள் ராத்திரி கையில் எவ்வளவு ரொக்கம் என்பதில் இருக்கிறது.

இப்போது காலிஃபிளவர்காரனைப் பார்க்கலாம். முதல் நாள் நட்டது பன்னிரண்டு நாள் கழித்து எப்போது விளையும்? சரியாக 13 அன்று காலையில்! பறித்துப் பெட்டியில் போடுவான், காசு 14 அன்று வரும், ஸ்ட்ராபெர்ரி 13 அன்றோடு போய்விடும். இனாம் பார்ஸ்னிப் 15 தந்த 525 காசையும் மிச்சமிருந்த 20 காசையும் பத்து உருளையாக்கி வைத்திருந்தால் அவனிடம் 845 இருக்கும். அவனுக்கு 8 ஸ்ட்ராபெர்ரி. மலிவு விதைக்காரனுக்கு 22. அதே 500 காசு, அதே நிலம், அதே வெயில். பட்டியலில் முதலிடம் பிடித்த பயிர் திருவிழாவுக்கு வெறுங்கையோடு அனுப்பி வைத்ததுதான் மிச்சம்.

(ஸ்ட்ராபெர்ரியை இந்த வருடம் நடாதே, பத்திரப்படுத்தி அடுத்த வசந்தம் முதல் நாள் நடு, ஐந்து பறிப்பு, 600 காசு வரும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. இதுவும் அதே வியாதிதான். 600 என்பது உண்மை. ஆனால் நூறு நூறு காசாக மூன்று பருவம் பெட்டிக்குள் தூங்க வைக்க வசதி உள்ளவனுக்குத்தான் அந்த உண்மை. மீதிப்பேர் இன்று ராத்திரியே நட வேண்டும்.)

கோடைக்கு வந்தால் மோகம் இன்னும் முற்றுகிறது. பாலைவனத்தில் சாண்டி கடையில் ஸ்டார்ஃப்ரூட் விதை, ஒன்று 400 காசு! விளைந்தால் 750. அங்கே போவதற்குப் பஸ்ஸைச் சரிசெய்யவே சமுதாயக் கூடம் வழியாகப் போனால் 42,500 அழ வேண்டும், அப்புறம் ஒவ்வொரு தடவையும் டிக்கெட் 500. இவ்வளவும் கொட்டியவன், கையில் மிச்சமிருக்கும் 8000 காசுக்கும் ஸ்டார்ஃப்ரூட்டே வாங்குகிறான். 20 செடி. 13 நாளில் 15,000. மறுபடி 37 செடி. கோடை முடியும்போது கையில் 27,950. லாபம் 19,950, பஸ் காசு தனி.

அதே 8000 காசுக்கு ஊருக்குள்ளேயே பியேரிடம் 80 காசு புளூபெர்ரி 100 செடி வாங்கலாம். ஒருமுறை நட்டால் 14, 18, 22, 26 என நாலு பறிப்பு, ஒவ்வொன்றிலும் மூன்று பழம், பழம் 50 காசு. ஒரு செடி 600 தரும். நூறு செடிக்கு 60,000, லாபம் 52,000. நூறு செடிக்குத் தண்ணி ஊற்ற முடியாது, ஸ்பிரிங்ளர் இல்லை என்றால் ஐம்பதோடு நிறுத்தட்டும். அப்போதும் லாபம் 26,000, முடக்கிய முதல் 4000தான், மீதி 4000 பையில் பத்திரமாக இருக்கும். கட்டத்துக்குக் கட்டம் பார்த்தால் ஸ்டார்ஃப்ரூட் கோடைக்கு 700, புளூபெர்ரி 520. பட்டியல் பொய் சொல்லவில்லை. 700 சம்பாதிக்க 800 செலவு, 520 சம்பாதிக்க 80 செலவு என்பதைச் சொல்லாமல் விட்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் விலை கூடின விதை வாங்கவே கூடாதா? யார் சொன்னது? வாங்க வேண்டிய நேரம் வரும், தானாகத் தெரியும். விவசாயத் திறன் 8 ஆம் படிக்கு வந்ததும் பீப்பாய் செய்யக் கற்றுக்கொள்ளலாம். எந்தப் பழத்தைப் போட்டாலும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் மூன்று மடங்கு விலைக்கு ஒயினாக்கித் தரும். புளூபெர்ரி போட்டால் 150, ஸ்டார்ஃப்ரூட் போட்டால் 2250. பீப்பாய்க்கு இரண்டுக்கும் ஒரே வாரம்தான். ஒவ்வொரு பீப்பாய்க்கும் கருவாலி மரப்பிசின் வேண்டும், அது சொட்டச் சொட்டத்தான் கிடைக்கும், ஆகவே பீப்பாய் எண்ணிக்கை சட்டென்று ஏறாது. அந்தக் கட்டத்தில் காசு ஒரு பொருட்டே இல்லை, பீப்பாய்தான் பஞ்சம். அப்போது ஸ்டார்ஃப்ரூட்டைத் தவிர்ப்பவன்தான் முட்டாள். ஆனால் அவன் இரண்டாம் வருடக்காரன், பணக்காரன். அவனுக்கு எழுதிய மருந்துச் சீட்டை முதல் நாள்காரன் கையில் கொடுத்து அனுப்புவதுதான் இங்கே நடக்கிறது.

காசுக்காக இல்லாமல் வாங்க வேண்டியவையும் உண்டு. வசந்தகாலப் பயிர்க் கட்டுக்கு ஒரு காலிஃபிளவர் வேண்டும், ஒன்றே ஒன்று நட்டால் போதும். வண்டிக்காரி 1000 காசுக்கு விற்கும் அபூர்வ விதை 24 நாள் கழித்து 3000 தரும். அந்தப் பழத்தை விற்காமல் காட்டுக்குள் இருக்கும் சிலையிடம் கொடுத்தால் சக்தியை நிரந்தரமாக ஏற்றும் ஸ்டார்டிராப் கிடைக்கும். அதையும் ‘ஒரு நாளைக்கு எத்தனை காசு’ பட்டியலில் 83.3 என்று போட்டு வைத்திருப்பவர்களை என்ன சொல்வது :-)

‘ஆட்டம்தானே, பிடிச்சதை நட்டுட்டுப் போ’ என்று சொல்கிறவர்களோடு சண்டையே இல்லை. பூசணி அழகாக இருக்கிறது என்று பூசணி நடுகிறவன் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. சண்டையெல்லாம் கணக்கின் பெயரால் தப்புச் சொல்லித் தருகிறவர்களோடுதான். அதிலும் ஒரு படி மேலே போய், ‘இந்த ஆட்டம் ஆடினாலே தெரியும், விவசாயிகள் ஏன் விலை கூடின பயிருக்கு மாறாமல் கஷ்டப்படுகிறார்கள்’ என்று ஞானம் பேசுகிறவர்களோடு கூடுதலாக. ஸ்டார்டியூ வேலியில் ஆயிரம் பூசணியை ஒரே நாளில் பெட்டியில் போட்டாலும் ஆயிரமாவது பூசணிக்கும் அதே 320 காசு. ஊரே தக்காளி போட்டதால் விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் வயலிலேயே விடுகிற நாள் அங்கே வராது. விதைக்கு வாங்கிய கடனுக்கு யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள், ஏனென்றால் கடனே கிடையாது. நிலமோ தாத்தா தந்த மூவாயிரம் கட்டம். இத்தனை சலுகையும் உள்ள ஊரிலேயே முதல் வருடம் விலை கூடின விதை கையைக் கடிக்கிறது. அரை ஏக்கரும் கடன் வாங்கிய விதையும் வைத்திருப்பவரிடம் போய் இதைப் பாடமாக நடத்த ஒரு தைரியம் வேண்டும்.

சில பயிர்கள் ராட்சதக் காயாக மாறுமே, காலிஃபிளவரில் அது உண்டே என்று கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருக்கிறது. உண்டுதான். அதற்கு மூன்றுக்கு மூன்று, ஒன்பது செடி பக்கத்தில் பக்கத்தில் நட வேண்டும். ஒன்பது விதை 720 காசு. கையில் இருப்பது 500.