மாத்திரை டப்பாவோடு கடமை முடிவதில்லை

மாதவிடாய்க் கோளாறா, சோர்வா, உறக்கமின்மையா, எதுவாயினும் ‘மக்னீசியம் மாத்திரை சாப்பிடுங்கள், ஹார்மோன் சீராகும்’ என்னும் செய்தி இப்போது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வருகிறது. இதில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு.

நம் உடலில் சுமார் 25 கிராம் மக்னீசியம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பில். இன்சுலின் தன் பணியைச் செய்யவும், இரத்தத்தில் கால்சிய அளவைக் காக்கும் பாராதைராய்டு ஹார்மோன் சுரக்கவும் அது வேண்டும். ஆயினும் தைராய்டு குறைபாட்டையோ சினைப்பை நீர்க்கட்டியையோ அது தனித்து நின்று குணப்படுத்திவிடாது.

குறை நம் சமையலறையில் தொடங்குகிறது. கோதுமை மைதாவாகும்போது மக்னீசியத்தின் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. நாமோ பரோட்டாவை விருந்தாக்கி, கேழ்வரகையும் கீரையையும் ஏழையின் உணவென ஒதுக்கினோம். நோன்புக் கஞ்சியில் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்த்த நம் பாட்டிமாரின் கைப்பக்குவத்தை ஆண்டு முழுதும் மீட்டெடுப்போம்.

சிறுநீரகம் பழுதுற்றோர் மருத்துவரைக் கேளாமல் இம்மாத்திரையைத் தொடலாகாது. இரத்தத்தில் மக்னீசியம் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கும்.

உடல் இறைவன் தந்த அமானிதம். கணவன்மார்களே, மனைவி தன் வேதனையைச் சொல்லும்போது மாத்திரை டப்பாவை வாங்கித் தந்து ஒதுங்கிவிடாதீர்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள்.