ஆஸ்பத்திரியில் பிழைத்தவர் நன்றி யாருக்கு?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வசிக்கும் நமது நண்பர் ஒருவர், ரோட்டில் மோட்டார் மோதித் தொடை எலும்பு முறிந்து, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போது கோலூன்றி நடக்கிறார். தம்மைக் கவனித்த டாக்டருக்கும் நர்சுகளுக்கும் தாம் பட்டிருக்கும் கடனைப் பத்திரிகையில் எழுதவேண்டுமென்று நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதே கடிதத்தில், தம் வீட்டார் பழனிக்கு முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருப்பதாகவும், ராத்திரி டியூட்டி நர்சுக்குத் தாம் ஐந்நூறு ரூபாய் நீட்டியபோது அந்த அம்மாள் வாங்க மறுத்துவிட்டதாகவும், அது தமக்கு மனத்தாங்கலாயிருப்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். நன்றியென்பது நல்ல குணமே. ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடம் எது என்பதைப்பற்றிச் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

முடி காணிக்கையைப்பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. எலும்பைச் சேர்த்துக் கட்டினவர் ஒருவர், வலி பொறுக்காமல் கத்தினபோது தூக்கத்தை விட்டு ஓடிவந்து ஊசி போட்டவர் ஒருவர், மலச்சட்டியை முகம் சுளிக்காமல் எடுத்தவர் ஒருவர், முடியோ வேறொருவருக்கு! காப்பாற்றுகிற உத்தேசமிருந்தால் மோட்டார் வருகிறபோதே காப்பாற்றியிருக்கலாமே என்று கேட்டால் வீட்டார் நம்மோடு சண்டைக்கு வருவார்கள். போகட்டும்.

நர்ஸ் பணம் வாங்காதது மனத்தாங்கலுக்குரிய விஷயமல்ல. அந்த அம்மாள் செய்தது நமது நண்பருக்குச் செய்த சிகிச்சையைவிடப் பெரிய காரியம் என்றே சொல்லுவோம். ஏனெனில், வகையுள்ளவர் சந்தோஷத்தோடு கொடுத்துவிட்டுப் போகிற இனாம், நாளைக்கு அந்த வார்டில் ஸ்டிரெச்சர் தள்ளுவதற்கும் துணி மாற்றுவதற்கும் ரேட்டாக ஏறிவிடுகிறது. அடுத்த கட்டிலில் கிடக்கும் ஓமலூர்ப் பக்கத்துக் கூலியாளிடம் கொடுக்க என்ன இருக்கிறது? அவன் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆகவே ஒருவருடைய நன்றி இன்னொருவருக்குக் கேடாய் முடிகிறது என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

பின் எப்படித்தான் நன்றி காட்டுவது என்றால், அதற்கு நம் சேலம் பக்கத்தோடு சம்பந்தப்பட்ட ஓர் உதாரணமே இருக்கிறது. பால் பிராண்ட் என்ற வெள்ளைக்கார டாக்டர் பிறந்தது இங்கிலாந்திலல்ல, நமது கொல்லிமலையில், 1914இல். அன்று அது சேலம் ஜில்லா. 1997 முதல் நாமக்கல். அவர் தகப்பனார் அந்த மலைஜனங்களுக்கு மத்தியில் வேலை செய்து 1929இல் காய்ச்சலில் அங்கேயே மாண்டார். மகன் படித்துப் பட்டம் பெற்று, 1946இல் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். பெருவியாதி என்று நம்மவர்கள் பெயரிட்டு, பூர்வஜென்ம பாவமென்று சொல்லி ஊருக்கு வெளியே தள்ளின தொழுநோயில், விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்பு கெட்டு உணர்ச்சி போய்விடுவதால், சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் காயத்தின்மேல் காயமாகி அழிகின்றன என்பதை அவர் விளக்கிக் காட்டினார். மடங்கிப்போன விரல்களை, கையிலுள்ள வேறு தசைநாரை எடுத்துத் தைத்து நிமிர்த்தவும் செய்தார். பாவத்தைத் தைத்து நிமிர்த்த முடியுமா? முடியாது, நாரைத்தான் முடியும்.

அதே ஆஸ்பத்திரியில் டாக்டராயிருந்த மேரி வர்கீஸ் என்ற அம்மாள், 1954இல் மோட்டார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் இல்லாமல் படுத்துவிட்டார். இனி என்ன பிழைப்பு என்றிருந்தவரை, உட்கார்ந்தபடியே கையால் ஆபரேஷன் செய்யலாமே என்று தூண்டியவர் அந்தக் கொல்லிமலைப் பிள்ளைதான். அந்த அம்மாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொழுநோயாளிகளின் கைகளை நிமிர்த்தினார். பிறகு அமெரிக்கா போய், முடமானவர்களை மீண்டும் நடமாட வைக்கும் வைத்தியத்தைப் படித்து வந்து, தம்மைப்போல் முதுகெலும்பு முறிந்தவர்கள் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கு வேலூரில் 1966இல் ஒரு ஸ்தாபனம் உண்டாகச் செய்தார். 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 1986இல் காலமானார். இவர்களெல்லாம் கிறிஸ்தவர்கள்; செய்ததனைத்தும் தங்கள் கடவுளுக்காகவே என்று நம்பியவர்கள். அதில் நமக்கும் அவர்களுக்கும் ஒத்துவராது. ஆனால் அந்த அம்மாள் தாம் பெற்றதை வைத்தியருக்குத் திருப்பிக் கொடுக்காமல், அடுத்த நோயாளிக்குக் கொடுத்தார் என்பதில் நமக்கும் யாருக்கும் அபிப்பிராய பேதமிருக்காது.

நம் நண்பர் டாக்டரல்ல என்பது மெய்தான். என்றாலும், ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறவர்களிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லலாமல்லவா? போலீஸ், கோர்ட்டு என்று பயந்து கை கொடாமல் நிற்பதற்கு இப்போது காரணமில்லை. போலீஸ் காகிதத்துக்குக் காத்திராமல் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1989லேயே டாக்டர்களுக்குச் சொல்லியாயிற்று. நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மேல் வழக்கு வராதபடி 2019இல் மோட்டார் சட்டத்தையும் திருத்தியாயிற்று. நமது ராஜ்ய சர்க்கார் 2021 டிசம்பர் 18 முதல், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த ஊரார், எந்த நாட்டார் என்றாலும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியிருக்கிறது. இது யாருடைய தர்மமுமல்ல. ஜனங்கள் கட்டிய வரிப்பணம். ஆனாலும் இந்தச் சங்கதி தெரியாத கிராமவாசிகள் ஏராளம்.

இன்னொன்று: ஆபரேஷனின்போது ஏற்றுகிற ரத்தப் புட்டியில் வகை எழுதியிருக்கும், ஜாதி எழுதியிருக்காது. அதை ஒரு சொட்டு விடாமல் ஏற்றிக்கொண்டு வீடு வந்தவர், கட்டிலடியைக் கழுவின அம்மாளைத் தன் வீட்டு வாசலோடு நிறுத்திவைத்துத் தண்ணீர் கொடுப்பாரானால், அவருடைய நன்றியை என்னவென்று சொல்லுவது?

அந்த அம்மாளின் கூலியையும் பார்க்க வேண்டும். பல ஆஸ்பத்திரிகளில் துப்புரவு வேலை கண்டிராக்டுக்காரர் கையில் இருக்கிறது. அவர் பிடித்ததுபோக மிஞ்சியதே சம்பளம். நர்சுகளிலும், பரீட்சை எழுதி 2015 முதல் சர்க்கார் வேலையில் தொகுப்பூதியத்தில் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் பலர், நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்கில் ரோட்டில் உட்கார நேர்ந்தது. ‘தேவதை’ என்று புகழ்ந்த வாய்கள் அப்போது எங்கேயிருந்தன? அடுத்த தடவை அவர்கள் கலெக்டர் ஆபீசுக்கு முன்னால் நிற்கிறபோது, அவர்கள் கைபட்டுக் கட்டிலிலிருந்து எழுந்தவர்களில் ஒரு நூறு பேர், கோலூன்றிக்கொண்டாவது போய் அவர்கள் பக்கத்தில் நின்றால், மந்திரிகளுக்கு விஷயம் விளங்க அதிக நாளாகாது.